ஒட்டுக்கேட்பில் பொத்தான் யார் கையில்?

தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி தருவது நீதிமன்றமா, உள்துறைச் செயலாளரா என்று நிறைய வாதிடுகிறோம். அனுமதி கிடைத்த பிறகு பொத்தானை அழுத்துவது யார்? நாடுகள் உண்மையில் வேறுபடுவது அங்கேதான்.

அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமான கலியா, ஒட்டுக்கேட்கும் வசதியைத் தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் கட்டமைப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டபூர்வ உத்தரவு இருந்தாலும், நிறுவன ஊழியர் ஒருவர் இயக்கினால்தான் அது இயங்க வேண்டும்.

ரஷ்யாவின் ஒட்டுக்கேட்பு ஏற்பாடான சோர்ம் முறையில் அந்த ஊழியருக்கு வேலையே இல்லை. நீதிமன்ற அனுமதி அங்கும் தேவை. அதை நிறுவனத்திடம் காட்ட வேண்டியதில்லை. உளவு அமைப்பான எஃப்எஸ்பி நேரடியாகவே இணைப்புக்குள் நுழைந்துவிடலாம். 2015-இல் ரோமன் ஜகாரோவ் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குறை கண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

ஆள் நடுவில் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. 2004-05இல் கிரீஸில், தொலைபேசி இணைப்பக மென்பொருளில் இருந்த ஒட்டுக்கேட்பு வசதியையே திருட்டுத்தனமாக இயக்கி, பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சைக் கேட்டார்கள். கதவு என்று ஒன்று வைத்தால் கள்ளச்சாவியும் வரும். இது இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஆபத்து.

இந்தியா முதல் வழியில் தொடங்கி இரண்டாவதன் பக்கம் நகர்கிறது என்பதே என் கவலை. இந்தியத் தந்தி விதிகளில் 2007-இல் சேர்ந்து 2024 வரை இருந்த 419ஏ விதிப்படி, உத்தரவு நிறுவனத்தில் இதற்கென உள்ள நோடல் அதிகாரியிடம் வந்தது. தமக்கு வந்த உத்தரவுகளின் பட்டியலை 15 நாளுக்கு ஒருமுறை காவல் அமைப்புகளுக்கு அனுப்பி, அவை உண்மைதானா என்று நிறுவனம் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய மத்தியக் கண்காணிப்பு அமைப்போ நிறுவன ஊழியரைத் தாண்டிச் செல்வதற்காகவே வந்தது. ரகசியம் கசியாது, தாமதம் இராது என்கிறது அரசு. ஆள்கடத்தல் வழக்கில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பதால் இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனாலும் என் தேர்வு பழைய முறையே. அரசியல்வாதி அமர் சிங்கின் தொலைபேசியை 2005-இல் ஒட்டுக்கேட்க வைத்தது ஒரு போலிக் கடிதம். பிழைகள் மலிந்த அதை நம்பிச் செயல்பட்ட நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் கண்டித்தது. ஊழியர் தவறினார், உண்மைதான். ஆனால் நீதிபதிகள் கையில் எடுத்துப் பிழை காண ஒரு கடிதமாவது இருந்தது. பதில் சொல்ல ஒரு நிறுவனமும் இருந்தது.