பிளாக் ஹவுண்ட் வராத குறைக்கு எதை வாங்கலாம்: பால்டர்ஸ் கேட் 3-ஆ, பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியா?

ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் முடிவெடுத்து ஆடும் ஆர்பிஜி வகைக் கணினி கேம்கள், 1998-லும் 2000-த்திலும் வந்த பால்டர்ஸ் கேட் இரண்டும். அவற்றை ஆடி முடித்தவர்களுக்குத் தீராத ஏக்கம் ஒன்று உண்டு. மூன்றாவதாக வந்திருக்க வேண்டிய ‘தி பிளாக் ஹவுண்ட்’ 2003-இல் பாதியிலேயே கைவிடப்பட்டது. அந்தக் குறையைப் போக்க இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. பால்டர்ஸ் கேட் என்ற பெயரையே தாங்கி 2023-இல் வந்தது லேரியன் நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் 3. பிளாக் ஹவுண்டை வடிவமைத்த ஜோஷ் சாயரே பின்னாளில் இயக்கி, 2015-இல் வந்தது பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி. நான் வாங்கியது பில்லர்ஸ். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் இருக்கிற நண்பர்கள் சிலர் இப்போது இதே கேள்வியோடு வருகிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

மெஷின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கில். கிராபிக்ஸ் கார்டு குறைந்தது ஜிடிஎக்ஸ் 970 இருக்க வேண்டும். பில்லர்ஸுக்கு 14 ஜிபியும் 4 ஜிபி ரேமும் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய லேப்டாப்பில் நன்றாகவே ஓடுகிறது. சித்திரை வெயிலில் ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். விலையிலும் பில்லர்ஸ்தான் குறைவு. இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

நான் முடிவெடுத்த காரணம் வேறு: அந்த உலகம் யாருடையது என்பது.

பிளாக் ஹவுண்ட் நின்றதற்குக் காரணம் கதையோ திறமைக் குறைவோ அல்ல. பால்டர்ஸ் கேட் கதைகள் நடப்பது, மேசையில் உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் உலகத்தில். அதைக் கணினி கேமாக எடுக்கும் உரிமம் இன்டர்ப்ளே நிறுவனத்தின் கையை விட்டுப் போனது. பிளாக் ஹவுண்டைச் செய்துகொண்டிருந்த பிளாக் ஐல் அந்த நிறுவனத்தின் பிரிவு. உரிமம் போனதும் அவர்கள் அதுவரை உழைத்தது அத்தனையும் வெளியிட முடியாத சரக்காகிவிட்டது. கன்சோல் பக்கம் மட்டும் தப்பியதால் டார்க் அலையன்ஸ் 2 என்ற கேம் 2004-இல் வெளிவந்தது. அதற்குள் பிளாக் ஐலையே மூடிவிட்டார்கள். எங்கள் கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்களுக்கு இது உடனே புரியும். மருந்தடிப்பதும் காவல் இருப்பதும் குத்தகைக்காரர்தான், ஆனால் கெடு முடிந்தால் மரத்தில் ஒரு கிளைகூட அவருக்குச் சொந்தமில்லை.

பால்டர்ஸ் கேட் 3-உம் அதே உலகத்தை உரிமம் வாங்கி எடுத்ததுதான். உலகம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டுக்குச் சொந்தம், அந்த நிறுவனம் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவுக்குச் சொந்தம். கேம் பிரமாதமாக ஓடிய பிறகும், 2024 மார்ச்சில் லேரியனின் தலைவர் ஸ்வென் விங்கெ நான்காம் பாகமோ கூடுதல் கதையோ தாங்கள் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். லேரியன் இப்போது தன் சொந்த உலகமான டிவினிட்டிக்குத் திரும்பிவிட்டது. அடுத்த பால்டர்ஸ் கேட் எப்போதாவது வந்தாலும், அது வேறு கைகளில் வேறு மாதிரிதான் வரும்.

ஆடுகிறவருக்கு இதில் என்ன? இந்த வகை கேமில் ஒரு பாத்திரத்தோடு பல வாரம் வாழ்கிறோம். யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்பது அடுத்த பாகத்துக்குத் தொடர்ந்து போவதுதான் இதன் தனிச் சுகம். முதல் பால்டர்ஸ் கேட் பாத்திரத்தை இரண்டாவதற்கு அப்படியே கொண்டுபோக முடிந்தது. பில்லர்ஸ் அதைச் செய்கிறது. முதல் பாகத்தில் நீங்கள் ஆடியதைப் பதிந்து வைத்திருக்கும் சேவ் கோப்பைக் கொடுத்தால், 2018-இல் வந்த இரண்டாம் பாகமான டெட்ஃபயர் உங்கள் முடிவுகளை நினைவில் வைத்துக்கொண்டு தொடங்கும். சாயர் குழுவினர் 2012-இல் ரசிகர்களிடமே கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் திரட்டி, யாரிடமும் கேட்கத் தேவையில்லாத ஈயோரா என்ற உலகத்தைப் படைத்ததால் இது சாத்தியமானது. ஆனால் சொந்த உலகம் என்பதாலேயே எல்லாம் நடந்துவிடாது. டெட்ஃபயர் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. 2025-இல் அதே உலகத்தில் வந்த அவவ்ட் வேறு வகை கேம், பழைய சேவ் அதில் செல்லாது. இருந்தாலும் இரண்டு பாகம் முழுசாகக் கையில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பிளாக் ஹவுண்டின் கரு குற்ற உணர்வு. அதன் வாசனை பில்லர்ஸில் அடிக்கிறது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் கில்டட் வேல் என்ற ஊருக்குள் நுழைகிறீர்கள். ஊர் நடுவே பெரிய மரம், கிளையெல்லாம் தூக்கிலிடப்பட்ட உடல்கள். அவற்றில் ஒரு குள்ள இனத்துப் பெண்ணின் ஆன்மா உங்களோடு பேசத் தொடங்கும். உங்களுக்கு இறந்தவர்களின் ஆன்மாவைப் பார்க்கும் சக்தி வந்துவிட்டது என்பது அங்கேதான் தெளிவாகும். ஊர்க்காரர்கள் அந்த மரத்தைத் தாண்டிக் கடைக்கும் வீட்டுக்கும் போய் வந்துகொண்டே இருப்பார்கள். கையால் வரைந்த பின்னணி ஓவியமும் எழுத்தும் மட்டும்தான், ஆனால் எனக்கு அந்த இடத்தைக் கடந்து போகவே கொஞ்ச நேரம் ஆனது.

பால்டர்ஸ் கேட் 3-ஐ ஓசூரில் இருக்கும் உறவுக்காரத் தம்பியின் டெஸ்க்டாப்பில் ஆடியிருக்கிறேன். மூன்றாம் அங்கத்தில் நுழைந்ததோடு சரி, அதனால் அதன் முடிவைப் பற்றி நான் பேசக் கூடாது. ஒரு விஷயத்தில் அது பில்லர்ஸைவிட நல்லது என்று தயங்காமல் சொல்வேன். எல்லாரும் குரலில் பேசுகிறார்கள், முகபாவம் தெரிகிறது. பில்லர்ஸில் பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் சில மணி நேரம் அது சோர்வு தரலாம். ஒரே திரையில் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதும் பால்டர்ஸ் கேட் 3-இல் மட்டும்தான். நல்ல மெஷின் இருந்து, தம்பியோ நண்பனோ பக்கத்தில் உட்கார்ந்து ஆட வருவான் என்றால், அதையே வாங்குங்கள்.

மற்றவர்கள் பில்லர்ஸை வாங்குங்கள். தி ஒயிட் மார்ச் என்ற கூடுதல் கதையின் இரண்டு பகுதிகளும் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள், கடைசி அத்தியாயத்துக்குள் இறங்கும் முன் அவற்றை ஆடிவிடுங்கள். அதற்குள் இறங்கிவிட்டால் திரும்பி வர வழியில்லை. ஜிஓஜி தளத்தில் வாங்கினால் இன்ஸ்டாலரை ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், பிறகு நெட் இல்லாமலே ஆடலாம். அப்புறம், முடித்த கையோடு இடம் வேண்டுமென்று சேவ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். டெட்ஃபயருக்கு 45 ஜிபி இடம் வேண்டும்தான், ஆனால் அதற்காக வேறு எதையாவது அழியுங்கள்.