டீலர், வெப்சைட், போன் விற்பனை: எல்லாவற்றுக்கும் சேர்த்து கேம்பெய்ன் திட்டமிட நான் பயன்படுத்துபவை, பல வருட அனுபவம்

ஒரே பொருளை டீலர் கடை, சொந்த வெப்சைட், ஆன்லைன் சந்தை, போனில் பேசி விற்கும் டீம் என்று பல வழிகளில் விற்கும்போது, அத்தனைக்கும் சேர்த்து ரேடியோ, அச்சு, ஈமெயில், சமூக ஊடகம் எல்லாவற்றிலும் விளம்பரத்தைத் திட்டமிடுவதுதான் என் வேலை. இதற்கு நான் நீண்ட நாளாக நம்பி இருப்பது ஒரு கூகுள் ஷீட், யூடிஎம் (வந்தவர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்ட லிங்கின் கடைசியில் ஒட்டும் குறிப்பு) சேர்த்த லிங்க், அச்சில் கியூஆர் கோடு, ஒவ்வொரு விற்பனை வழிக்கும் ஒரு கூப்பன் கோடு, வெப்சைட்டுக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸ். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று சொல்லும் கட்டண மென்பொருள் ஒன்றையும் கூடவே வைத்திருந்தேன், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஷீட். பெரும்பாலானோர் வரிசைகளில் ஊடகங்களை எழுதுகிறார்கள், நான் விற்பனை வழிகளை எழுதுகிறேன். மேலே வாரங்கள், கட்டத்துக்குள் அந்த வாரம் அந்த வழிக்கு உதவப் போகும் ஊடகம். இப்படி வைத்தால் டீலர் வரிசை மூன்று வாரம் காலியாகக் கிடப்பது உடனே கண்ணில் படும். ஊடகங்களை வரிசையில் வைத்தால் எல்லாக் கட்டமும் நிறைந்த மாதிரியே தெரியும், யாருக்கு ஒன்றுமே போகவில்லை என்பது தெரியாது.

இந்த ஷீட்டின் உண்மையான பலன் விலைச் சண்டையைத் தடுப்பதில்தான் இருக்கிறது. டீலர் பழைய விலைக்குச் சரக்கு எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார், அதே வாரம் நம் ஈமெயிலில் வெப்சைட்டுக்கு மட்டும் தள்ளுபடி போகிறது, வாடிக்கையாளர் அந்த மெயிலைக் கடையில் காட்டிப் பேரம் பேசுகிறார் என்றால் அந்த டீலர் அடுத்த முறை நம் போஸ்டரைக்கூட ஒட்ட மாட்டார், அதில் தப்பும் இல்லை. அதனால் ஒவ்வொரு சலுகைக்கும் பக்கத்தில் இரண்டு தேதிகள் வைக்கிறேன். ஒன்று விளம்பரம் வெளியாகும் நாள், இன்னொன்று அது விற்பவர்களுக்குச் சொல்லப்பட்ட நாள். இரண்டாவது கட்டம் நிரம்பாமல் முதலாவதைத் தொடக் கூடாது. போன் டீமுக்கும் இதே விதிதான், ரேடியோவில் கேட்ட சலுகையைப் பற்றி வாடிக்கையாளர் விசாரிக்கும்போது எடுப்பவர் முழிக்கக் கூடாது.

யூடிஎம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்திலிருந்து வந்த முறை, இன்றும் உழைக்கிறது. ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதினால் ஒரே ஈமெயில், அனலிடிக்ஸ் அறிக்கையில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆகவே ஷீட்டில் கீழிறங்கும் பட்டியல் வைத்து, அதிலிருந்து மட்டுமே பெயரைத் தேர்வு செய்யும்படி பூட்டி விடுங்கள். சொந்த வெப்சைட்டுக்குள் இருக்கும் பேனர்களில் யூடிஎம் போடவே வேண்டாம், வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பிவிடும்.

கியூஆர் கோடு அச்சுக்குப் போன பிறகு மாற்ற முடியாது, அதனால் அதன் பின்னால் இருக்கும் முகவரி நம்முடையதாக இருக்க வேண்டும். சொந்த டொமைனில் ஒரு குட்டி லிங்க் வைத்து அங்கிருந்து திருப்பிவிடுகிறேன், போகும் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடுத்தவரின் இலவசச் சுருக்கு லிங்கை நம்பி ஆயிரக்கணக்கில் அச்சடிப்பது ஆபத்து. கூகுளே தன் சுருக்கு லிங்க் சேவையில் புதிய லிங்க் உருவாக்குவதை 2019இல் நிறுத்தியது. போஸ்டரில் எந்த டீலர் கடை என்பதையும் லிங்கிலேயே பிரித்து வைத்தால், எந்தக் கடை வாசலில் ஸ்கேன் நடக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு கடைக்கும் தனி கோடு என்றால் அச்சு வேலை கூடும், ஆனாலும் நான் விடுவதில்லை.

ஈமெயிலில் ஒரு பழைய வழக்கத்தைக் கைவிட்டேன். மெயிலைத் திறக்காதவர்களுக்கு மட்டும் தபாலில் அட்டை அனுப்புவது இந்தத் துறையில் பலரும் செய்வது. 2021இல் ஐஓஎஸ் 15உடன் ஆப்பிள் கொண்டு வந்த மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு, மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது. படம் இறங்குவதை வைத்துத்தான் மெயில் திறக்கப்பட்டதாக எண்ணுகிறோம் என்பதால், ஆள் படிக்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கில் வரும், அட்டை போக வேண்டியவருக்குப் போகாது. இப்போது கிளிக் செய்தாரா, வாங்கினாரா என்பதை மட்டும் வைத்து அட்டை அனுப்புகிறேன். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறீர்கள் என்றால், 2024 பிப்ரவரியிலிருந்து மெயில் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றும் கட்டாயம், ஸ்பேம் புகாரும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. இதைத் திட்டமிடும் நாளிலேயே பாருங்கள், அனுப்பும் நாளில் பார்த்தால் நேரம் இருக்காது.

அப்புறம் கணக்கு. ஒவ்வொரு ஊடகமும் தான் விற்றுக் கொடுத்ததாகச் சொல்வதையெல்லாம் கூட்டினால் மொத்த விற்பனையைத் தாண்டிவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றின் அளவுகோலும் வேறு. மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரத்தில் இயல்பாக இருக்கும் அளவு, கிளிக் செய்து 7 நாள் அல்லது பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால் தன் கணக்கு. அனலிடிக்ஸ் பார்வை வேறு, டீலர் கடையில் நடந்த விற்பனை இரண்டிலுமே வராது. கூப்பன் கோடு இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும், ஆனால் பொதுவான கோடு சீக்கிரமே கூப்பன் தளங்களுக்குக் கசிந்துவிடுவதால், ஒருவருக்கு ஒரு முறை மட்டும் செல்லும் கோடுதான் நம்பத்தக்கது. எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது வேறு ஒன்று: சில பகுதிகளில் வேண்டுமென்றே விளம்பரத்தை நிறுத்திவைத்து, மற்ற பகுதிகளின் டீலர் ஆர்டரோடு ஒப்பிடுவது. டீலர்களிடம் இதைப் பேசிச் சம்மதம் வாங்குவது கடினம், ஆனால் ரேடியோவுக்குப் போடும் பணம் வேலை செய்கிறதா என்று நான் தெளிவாகப் பார்த்தது இதில்தான்.

கூகுள் அனலிடிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 அன்று புதிய தரவு வாங்குவதை நிறுத்தியது, மறு ஆண்டு பழைய அறிக்கைகளையும் பார்க்க முடியாமல் போனது. வாரக் கடைசியில் மொத்த எண்களை ஷீட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்ததால், இன்றும் பல வருட சீசனை வரிசையாக ஒப்பிட முடிகிறது. எந்தக் கருவி வைத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

கட்டண மென்பொருள் மோசமில்லை. ஈமெயில் வரிசையை ஓட்டுவது, டிசைனுக்கு ஒப்புதல் வாங்குவது, யார் எதை மாற்றினார்கள் என்று பார்ப்பது எல்லாம் அதில் சுகம். ஆனால் டீலர் என்ற ஒன்றே அதன் உலகத்தில் இல்லை, எல்லா விற்பனையும் வெப்சைட்டில் நடப்பதாகவே அது நினைக்கிறது. உங்கள் விற்பனை முழுக்க ஆன்லைன் என்றால் தாராளமாக வாங்கலாம். கடையும் போனும் பாதி விற்பனையைச் சுமக்கும் இடத்தில் நான் அதை ஈமெயிலுக்கு மட்டும் குறைந்த திட்டத்தில் வைத்துக்கொண்டு, திட்டமிடலை ஷீட்டிலேயே தொடர்கிறேன்.