மானிட்டர்: 24 இன்ச் ஃபுல் ஹெச்டியா, 27 இன்ச் 4கே-யா?

நாள் முழுக்கத் தமிழில் டைப் செய்பவருக்கு முதல் வித்தியாசம் எழுத்திலேயே தெரியும். 24 இன்ச் ஃபுல் ஹெச்டியில் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல்தான். சின்ன எழுத்தில் 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், கி எது கீ எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிவரும். 27 இன்ச் 4கே-யில் அதுவே 163. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வைத்தால் புள்ளிகூடப் பளிச்சென்று நிற்கும்.

ஆனால் 4கே வாங்கிவிட்டுப் பழைய ஹெச்டிஎம்ஐ போர்ட்டிலேயே செருகினால் காசு வீண். ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே-யை 30 ஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 30 முறை) தரும், மவுஸ் நகர்வதே இழுக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு ஹெச்டிஎம்ஐ 2.0 போர்ட் வேண்டும், லேப்டாப்பிலும்.

மலிவு மானிட்டரில் பெரும்பாலும் ஸ்டாண்டின் உயரத்தை மாற்ற முடியாது, முன்னும் பின்னும் சாய்க்கத்தான் முடியும். பின்பக்கம் 100×100 மி.மீ. வேசா துளைகள் (ஸ்டாண்ட் மாட்டுவதற்கான பொது அளவுத் துளைகள்) இருந்தால், உயரத்தை மாற்றக்கூடிய தனி ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம்.

பில், எக்செல், வீடியோ மட்டும் என்றால் 24 இன்ச் ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை வகை) தாராளமாகப் போதும். ஆனால் 27 இன்ச்சில் ஃபுல் ஹெச்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், எழுத்து இன்னும் சொரசொரப்பாகும்.