மழையில் கார் ஒழுகினால், தண்ணீர் ஊற்றிப் பார்க்காத கடைக்குக் காசு கொடுக்காதீர்கள்

பழைய கார் வாங்கி, மழைக்காலத்தில் உள்ளே ஈரத்தைப் பார்த்துப் பதறி நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் எங்களுக்கு நடந்தது.

ஐப்பசி மழை பிடித்த வாரம், முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மா கால் நனைகிறது என்றார்கள். மேட்டைத் தூக்கினால் கார்பெட் சொதசொதவென்று இருந்தது. கடைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். கார்பெட்டைத் தூக்கவில்லை, ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்கவில்லை. "முன் கண்ணாடி லீக் அண்ணாச்சி, சுத்தி சிலிக்கான் போட்டா சரியாயிரும்" என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே தண்ணீர். திரும்பக் கொண்டுபோனால், "அது ஏசி தண்ணி, அதுக்குத் தனி சார்ஜ்" என்கிறார். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தால் உள்ளே ஒழுகுவது உண்மைதான். ஆனால் அது ஏசி ஓடினால்தானே வரும்? எங்கள் வண்டி ராத்திரி முழுக்க வாசலில் சும்மா நின்றே நனைந்திருந்தது. தெரிந்தே சொன்ன பொய் அது.

கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் தெருவில் வாட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பி. என்னை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, வெளியே ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டார். முதலில் கதவின் அடிப்பக்கம், பிறகு கண்ணாடி, கூரை கடைசியில். கீழிருந்து மேலே போனால்தான் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிரித்துத் தெரியும். எடுத்ததுமே கூரையில் ஊற்றினால் எல்லாம் சேர்ந்து வழிந்து குழப்பிவிடும். வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் விட்டபோது தண்ணீர் இறங்காமல் தேங்கியது, கொஞ்ச நேரத்தில் உள்ளே சொட்டவும் ஆரம்பித்தது. தட்டைக் கழற்றினால் வடிகால் துளை முழுக்க வேப்பஞ்சருகும் சேறும். தேங்கிய தண்ணீர் ஏசி ஃபேனுக்குக் காற்று போகும் வழியில் ஏறி, உள்ளே விழுந்திருக்கிறது. கையால் அள்ளிப்போட்டதும் நின்றுவிட்டது. வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் மழைக்கு முன்னால் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கதவுப் பக்கம் ஒழுகினால் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பாருங்கள். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். ஈரம் பிசுபிசுவென்று, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்).

ஒழுகல் நின்றாலும் வேலை முடியவில்லை. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். தூக்கி வெயிலில் காயவைக்காவிட்டால் தரைத் தகடு துருப்பிடிக்கும், ஒயர் கனெக்டர்கள் பச்சை பூக்கும்.

நம் ஊரில் பழைய கார் வாங்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பகுதியெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. அதில் மூழ்கிய வண்டியை "லேசா லீக் இருக்கு" என்று விற்றால் நம்பிவிடாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சேற்றுக்கறை தெரியும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும் அடிப்பக்கத் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கடைக்காரர் பூசிய சிலிக்கான் வினிகர் மாதிரி நாறியது. அந்த வகை இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கண்ணாடி ஒட்டுவதற்கான பசையே வேறு. இப்போது அதைச் சுரண்டி எடுக்கத் தனியாகச் செலவு. பில்லில் "சர்வீஸ்" என்று ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கிறார், என்ன வேலை என்பது இல்லை. நீங்கள் காசு கொடுக்குமுன் எந்த இடத்தில் ஒழுகுகிறது, என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.