வெற்றிக் கணக்கா, புள்ளி வித்தியாசமா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், அடுத்த பருவத்தில் ஓர் அணி எவ்வளவு தூரம் போகும் என்று கணிக்க, முந்தைய பருவத்தின் வெற்றி தோல்விக் கணக்கை நம்புவோர் உண்டு. அடித்த புள்ளிகளுக்கும் விட்டுக்கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புவோரும் உண்டு. மினசோட்டா வைக்கிங்ஸின் 2022 பருவத்தைப் பார்த்தபின், இரண்டாவது வழியே நம்பத்தக்கது என்பது என் உறுதியான கருத்து.

13 வெற்றி, 4 தோல்வி என்ற கணக்கு அவ்வணியைக் கோப்பைக்கு உரியதாகக் காட்டியது. ஆனால் அது அடித்தவை 424 புள்ளிகள், கொடுத்தவை 427. எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த 11 ஆட்டங்களையும் வென்ற அதே அணி, டல்லஸ் கவ்பாய்ஸிடம் 3-40 என நொறுங்கியது. இண்டியானாபொலிஸுக்கு எதிராக 33 புள்ளிகள் பின்தங்கியிருந்து மீண்டு வென்றது மறக்க முடியாத ஆட்டம்தான். ஆயினும் நெருக்கமான ஆட்டங்களைப் பெரும்பாலும் ஓர் உதையோ, நழுவிய பந்தோ, விதிமீறலுக்காக நடுவர் வீசும் ஒரு கொடியோ தீர்மானிப்பதால், அந்த நற்பேறு ஆண்டுதோறும் திரும்புவதில்லை.

பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 24-31 என்று தோற்றது. 2023 பருவம் 7 வெற்றி, 10 தோல்வியுடன் முடிந்தது. தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸ் எட்டாவது ஆட்டத்தில் குதிகால் தசைநாண் கிழிந்து வெளியேறியதை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அதற்கு வெகு முன்பே, முதல் மூன்று ஆட்டங்களையும் அவ்வணி இழந்திருந்தது.