தாராவியில் ஒரு ஞாயிறு சட்ட உதவி மையம்: கூலிப் பாகுபாட்டுப் புகாருக்கு எவ்வளவு துணை?

மும்பை தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே ஞாயிறுதோறும் தமிழில் இலவச ஆலோசனை வழங்கும் தொழிலாளர் சட்ட உதவி மையத்துக்கு, தோல் பைப் பட்டறையில் தையல் வேலை செய்யும் என் அண்ணியுடன் சென்றிருந்தேன். ஒரே மாதிரி மெஷினில் ஒரே பையைத் தைக்கும் ஆண்களுக்குக் கூலி அதிகம் என்பது அவருடைய குறை. பட்டறைக்காரர்களின் கண்ணில் பட வேண்டாம் என்று மையத்தினர் கேட்டுக்கொண்டதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

புகாரை எழுதுவதற்கு முன்பே, வேலையை விட்டு நிறுத்தினால் எதைக் காட்டி வாதாடுவது என்றுதான் வழக்கறிஞர் பேச்சைத் தொடங்கினார். கூலிச் சீட்டுகளையும் மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்திகளின் நகல்களையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டச் செய்து, இன்னொரு படியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைக்கச் சொன்னார். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு ஆண், பெண் கூலி வேறுபாட்டைத் தடுத்தாலும், புகார் கொடுத்தவரைக் காக்கத் தனிப் பிரிவு அதில் இல்லை என்பதையும், பழிவாங்கும் வேலைநீக்கத்துக்குத் தொழில் உறவுச் சட்டத்தையே நாட வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பலர் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகவோ, பதிவு பெற்ற சங்கத்தின் வழியாகவோ கோரலாம், மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ஆகவே தனியாளாக முன்னால் நிற்க வேண்டாம் என்பது அவருடைய அறிவுரை.

அண்ணி பெரிதும் அஞ்சியது, "உன்னால் எங்கள் கூலி குறையப்போகிறது" என்று முணுமுணுத்த சக ஆண்களுக்குத்தான். சமப்படுத்துவதற்காக எவருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவு சொல்வதை வழக்கறிஞர் வாசித்துக் காட்டி, பட்டறையில் காட்டுவதற்குத் தமிழில் எழுதியும் கொடுத்தார். இந்த ஒரு தாளுக்காகவே அங்கே போகலாம். வேலை போனாலும் உரிமை போகாது என்பதற்கு மெக்கின்னன் மெக்கன்சி வழக்கைச் சொன்னார்: 1977இல் அந்த நிறுவனத்தில் வேலையிழந்த பின், ஆண்களுக்கு இணையான ஊதியம் கேட்டுப் புகார் கொடுத்த பெண் சுருக்கெழுத்தருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் என்பதைக் கேட்டதும் அண்ணியின் முகம் வாடியது வேறு விஷயம்.

பெருங்குறை, மறைவாகப் பேச இடமில்லாதது. ஒரே கூடத்தில் நெருக்கமாகப் போட்ட நாற்காலிகளில், அடுத்து காத்திருப்பவருக்கு முதலாளியின் பெயர் வரை கேட்கிறது. புகார் கொடுப்பவரைக் காக்கவென்றே நடத்தும் இடத்தில் இது பொறுக்கத்தக்கதல்ல. ஒரு திரையாவது போடலாம். மனுப் படிவம் மராத்தியில் மட்டுமே இருக்கிறது. பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் உள்ள காம்கார் பவனுக்கு உடன் வர ஆள் கிடையாது என்பதால், மனுவைக் கொடுத்ததும் முத்திரையிட்ட நகலை நாமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.