பெட்டியில் 1000 வாட், மாடியில் எவ்வளவு?

வீட்டு மாடியில் நிறுத்தும் சிறிய காற்றாலை ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையக் கடைகளில் ஒரே உருவம் பல பெயர்களில் கிடைக்கிறது: ஐந்து இறக்கை, இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 1.2 மீட்டர், 24 வோல்ட், கூடவே பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலர், பெட்டி மேல் பெரிதாக 1000 வாட். சாதனம் மோசமில்லை. அந்த எண்தான் பொய்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. காற்றில் உள்ள சக்தியைக் கணக்கிடுவது எளிது, காற்றின் அடர்த்தியில் பாதி, வட்டத்தின் பரப்பு, வேகத்தின் மும்மடி (வேகம் × வேகம் × வேகம்), மூன்றையும் பெருக்கினால் போதும். இந்தச் சாதனத்தின் பரப்பு 1.13 சதுர மீட்டர். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர், குடை பிடித்து நடக்கவே சிரமப்படும் காற்றில், அந்த வட்டத்தின் வழியே போவதே மொத்தம் சுமார் 1200 வாட்தான். அதிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1919இலேயே காட்டிவிட்டார், ஏனென்றால் முழுச் சக்தியையும் பிடுங்கிவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்து வரும் காற்றுக்கு வழி இருக்காது. ஆக உச்ச வரம்பே 710 வாட். இந்த அளவுச் சாதனம் நன்றாக இருந்தால் 25, 30 சதவீதம் எடுக்கும், அப்படியென்றால் 300 முதல் 360 வாட், அதுவும் அந்தப் பலத்த காற்றில்.

சரி, சாதாரண நாளில்? நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 22 முதல் 26 வாட். ஒரு நாள் முழுக்க அது ஓயாமல் அடித்தாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் சேரும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்வதே இல்லை. '3 மீட்டர் வேகத்திலேயே சுற்றத் தொடங்கும்' என்று பெருமையாகப் போடுகிறார்கள், சுற்றுகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது, ஆனால் அப்போது வருவது ஒரு சின்ன எல்இடி பல்புக்கு ஆகும் மின்சாரம்.

மாடியில் வைப்பது இன்னொரு சிக்கல். கட்டடத்தில் மோதி மேலேறும் காற்று கூரைக்கு மேல் சுழன்று குழம்பிப் போகிறது, இறக்கையைக் காற்றின் பக்கம் திருப்பும் வால் அங்குமிங்கும் திரும்பிக்கொண்டே இருக்கிறது, இறக்கைக்கு நிலையான காற்று கிடைப்பதில்லை. சுற்றிலும் 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட 9 மீட்டராவது உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பழைய விதி. அந்த உயரத்துக்குக் கம்பமும் இழுகம்பிகளும் போட்டால் செலவு சாதனத்தின் விலையைத் தாண்டிவிடும். கம்பத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துவிட்டாலோ அதிர்வு அப்படியே அறைக்குள் இறங்குகிறது, இரவில் அந்த முனகல் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பாராட்ட வேண்டியதையும் சொல்ல வேண்டும். இறக்கைகள் எடை சீராக இருக்கின்றன, நிலைக்காந்த ஜெனரேட்டர் தடங்கலில்லாமல் ஓடுகிறது, இணைப்பது கடினமில்லை. கன்ட்ரோலர்தான் பலவீனமான பகுதி. சூரிய பேனலைப் போல பேட்டரி நிரம்பியதும் இணைப்பைத் துண்டித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, சுமை இல்லாத காற்றாலை பலத்த காற்றில் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுத்து இறக்கையே உடையலாம், அதனால் மிச்ச மின்சாரத்தை வெப்பமாக எரிக்கப் போதிய அளவு ரெசிஸ்டர் கட்டாயம் இருக்க வேண்டும். கூட வருவது சின்னது. அப்புறம், ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சாதனத்தை மெதுவாக்கும் பிரேக் சுவிட்ச் பெட்டியில் இல்லவே இல்லை, தனியாக வாங்கி மாட்டாமல் கம்பத்தில் ஏற்றாதீர்கள்.

செங்குத்து அச்சு மாடல், அதாவது நிமிர்ந்து நிற்கும் தண்டைச் சுற்றி இறக்கைகள் சுழலும் வகை, நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும், உண்மைதான். ஆனால் அதே பரப்புக்குப் பெரும்பாலும் இன்னும் குறைவாகவே தரும்.

இதைப் படித்துவிட்டுக் காற்று மின்சாரமே ஏமாற்று என்று யாரும் முடிவு செய்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 150 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய காற்றாலை இந்தப் பொம்மையைவிட 125 மடங்கு அகலம், பரப்பில் 15,625 மடங்கு, அதோடு தரையின் தடையில்லாத உயரத்துக் காற்றில் நிற்கிறது, காற்றில் உள்ளதில் 40 சதவீதத்துக்கு மேலும் எடுக்கிறது. இங்கே நம்மை ஏமாற்றும் அதே கணிதம்தான் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரமாகிறது.

யாருக்கு உதவும்? திறந்த வெளியில், மின்கம்பி எட்டாத இடத்தில், பாய்மரப் படகில், மழைக்காலத்தில் பேனல் கைவிடும்போது பேட்டரியைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க உதவும். மின்கட்டணம் குறையும் என்று வாங்குபவர்கள் அந்தப் பணத்தைப் பேனலில் போடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் விற்பவரிடம் விட்டத்தையும், 4, 5, 6 மீட்டர் வேகங்களில் எத்தனை வாட் வரும் என்ற வரைபடத்தையும் கேளுங்கள். வரைபடம் தராமல் வாட்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். இந்தச் சாதனத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் ஜெனரேட்டருக்கும் இறக்கைகளுக்கும்.